ஒரு வினாடி சாகசம், நூறாண்டு சாட்சி: ஜிம்னாஸ்டிக்ஸ் வரலாற்றைப் படம்பிடித்தவர்கள்

1976 ஜூலை 18. கனடாவின் மான்ட்ரியால் ஒலிம்பிக். ருமேனியாவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி நாடியா கோமனேச்சி, ‘அன்ஈவன் பார்ஸ்’ எனப்படும் உயரம் மாறுபட்ட இரட்டைக் கம்பிகளில் சுழன்று முடித்துத் தரையில் இறங்கினார். மதிப்பெண் பலகையில் விழுந்த எண் 1.00. அரங்கமே ஒரு கணம் குழம்பிப்போனது. இவ்வளவு அழகாகச் செய்த பெண்ணுக்கு வெறும் ஒன்றா?

பிறகுதான் விஷயம் புரிந்தது. அது முழுதாகப் பத்து! பத்துக்குப் பத்து வரும் என்று யாரும் எதிர்பார்க்காததால், 10.00 என்று காட்டும் வசதி அந்தப் பலகையில் இல்லை.

அன்று நாடியா கம்பியில் இருந்தது சுமார் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் அவர் என்னென்ன செய்தார் என்று இன்று கேட்டால், பயிற்சியாளர்களைத் தவிர மற்றவர்கள் திணறிப்போவார்கள். ஆனால் 1.00 என்று காட்டும் பலகையின் பக்கத்தில் அந்தச் சிறுமி நிற்கும் படத்தைச் சொன்னால், ‘ஆமாம், பார்த்திருக்கிறேன்’ என்பவர்கள் உலகம் முழுக்க உண்டு.

ஜிம்னாஸ்டிக்ஸின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் மனதில் நிற்கிறது, படங்களாக. அந்தப் படங்களை எடுத்தவர்கள் யார்? எப்படி எடுத்தார்கள்? அவர்களுடைய கேமராவில் சிக்காமல் போனது என்ன?

படம் ஏன் இவ்வளவு முக்கியம்?

கிரிக்கெட்டில் ஸ்கோர் கார்டு இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஆட்டத்தையும் அதை வைத்துக்கொண்டு ஓரளவு கற்பனை செய்துவிடலாம். ஓட்டப் பந்தயத்தில் நேரம் இருக்கிறது. கால்பந்தில் கோல் கணக்கு இருக்கிறது.

ஜிம்னாஸ்டிக்ஸில் அப்படி இல்லை. ‘9.80’ என்ற எண்ணைப் பார்த்து, அந்த ஜிம்னாஸ்ட்டின் கால் எப்படி நீண்டிருந்தது, காற்றில் உடல் எப்படி மடிந்தது என்று சொல்ல முடியாது. ஆட்டமே உடலின் வடிவம்தான். பார்த்தால்தான் உண்டு.

வீடியோ கேசட்டும் இணையமும் வருவதற்கு முன்பு, வேறு நாட்டு வீரர் என்ன செய்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளப் பெரும்பாலானோருக்கு இருந்த வழி பத்திரிகைப் படம்தான். ஆகவே, எந்தக் கணத்தில் ஷட்டரை அழுத்துவது என்று முடிவு செய்தவரே எந்தக் கணம் வரலாறாக மிஞ்சும் என்பதையும் முடிவு செய்தார்.

பல்டியை நிறுத்திக் காட்டியவர்

கதை ஒரு குதிரையில் தொடங்குகிறது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு இந்தக் கேள்வியில் பெரும் ஆர்வம். இங்கிலாந்தில் பிறந்த புகைப்படக்காரர் எட்வர்ட் மைப்ரிட்ஜ் 1878-ல் ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ‘எழும்பும்’ என்று படத்திலேயே காட்டிவிட்டார்.

அடுத்த ஆண்டே அவர் மனிதர்கள் பக்கம் திரும்பினார். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ‘ஒலிம்பிக் கிளப்’ என்ற விளையாட்டுச் சங்கத்தின் வீரர்களை வரவழைத்தார். அவர்கள் குட்டிக்கரணம் போட்டார்கள், தாவினார்கள், குத்துச்சண்டை போட்டார்கள். கண்ணால் பார்த்தால் ‘சட்’டென்று முடிந்துபோகும் ஒரு பல்டி, முதல்முறையாகத் துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தது. உடல் எந்த இடத்தில் சுருண்டது, தலை எப்போது கீழே போனது, கால் எப்போது தரையைத் தேடியது என எல்லாமே தனித்தனிப் படங்கள்.

பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆதரவில் இதே வேலையை இன்னும் பெரிதாகச் செய்தார். 1887-ல் வெளிவந்த ‘அனிமல் லோகோமோஷன்’ தொகுப்பில் மொத்தம் 781 தகடுகள். மனிதர்களும் விலங்குகளும் நடப்பது, ஓடுவது, தாண்டுவது என்று அசைவுகளின் அகராதி போலவே அது இருந்தது.

இதில் ஒரு சங்கதி உண்டு. இந்தத் தகடுகளைப் பின்னாளில் நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள், சில வரிசைகளில் படங்கள் விடுபட்டிருப்பதையும், வேறு படங்கள் நடுவில் சேர்க்கப்பட்டிருப்பதையும் கண்டுபிடித்தார்கள். பார்வைக்குத் தொடர்ச்சியாகத் தெரியட்டும் என்று மைப்ரிட்ஜ் கோத்து வைத்திருக்கிறார். விளையாட்டுப் படம் பிறந்தபோதே ‘எடிட்டிங்’கும் கூடவே பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

கோடுகளாக மாறிய மனிதர்

அதே காலத்தில் பிரான்ஸில் இன்னொருவர் வேறு வழியில் முயன்றுகொண்டிருந்தார். பெயர் எட்டியென் ஜூல் மாரே. அவர் புகைப்படக்காரர் அல்ல, உடலியல் அறிஞர். அழகான படம் அவருக்குத் தேவையில்லை, அளவுதான் தேவை. ஒரு வேடிக்கை என்னவென்றால், மைப்ரிட்ஜ், மாரே இருவருமே 1830-ல் பிறந்து 1904-ல் இறந்தவர்கள்.

1882-ல் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். விசையை அழுத்தினால் வினாடிக்கு 12 படங்கள் பதிவாகும். பாரிஸ் நகரின் ஓரத்தில் அரசு உதவியோடு ஓர் ஆய்வு நிலையமும் அமைத்தார். 1870-ல் தொடங்கிய போரில் ஜெர்மானியப் படைகளிடம் தோற்ற பிரான்ஸ், தன் வீரர்களின் உடற்பயிற்சியைச் சீர்படுத்த வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த நேரம் அது. மாரேயின் உதவியாளர் ஜார்ஜ் டெமெனி உடற்பயிற்சிக் கல்வியில் ஊறியவர். கேமரா முன்னால் பல முறை அவரே ஓடியும் தாண்டியும் காட்டினார்.

மாரேயின் புகழ்பெற்ற உத்தி ஒன்று உண்டு. ஓடுபவருக்கு உடல் முழுக்கக் கறுப்பு உடை. கைகால்களின் மேல் மட்டும் வெள்ளைக் கோடுகள், மூட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள். கறுப்புப் பின்னணியில் அவர் ஓடும்போது ஒரே தகட்டில் பல முறை பதிவு செய்தால், ஆள் மறைந்துவிடுவார், கோடுகளின் வரிசை மட்டும் மிஞ்சும். எந்த மூட்டு எந்த நொடியில் எந்தக் கோணத்தில் இருந்தது என்று அதை வைத்துக் கணக்குப் போடலாம். இந்தக் கோட்டு மனிதர் நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கத்துக்குத் திரும்பி வந்தார். அந்தக் கதை பிறகு.

ஏதென்ஸ் முதல் பெர்லின் வரை

1896-ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகள் திறந்தவெளியில், பளிங்கு அரங்கத்தில் நடந்தன. கலந்துகொண்டவர்கள் எல்லோரும் ஆண்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பர்ட் மேயர் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்கள்தான் இன்று அந்தப் போட்டிகளைப் பற்றிக் கிடைக்கும் முக்கியமான சாட்சியம். இரட்டைக் கம்பியில் ஜெர்மன் அணி, மல்யுத்த இறுதிப் போட்டிக்கு முன் கிரேக்க வீரருடன் கைகுலுக்கும் ஜெர்மன் ஜிம்னாஸ்ட் கார்ல் ஷூமான் எனப் பல காட்சிகள் அவற்றில் உள்ளன.

அந்த ஜெர்மன் அணியில் ஆல்ஃபிரெட் ஃபிளாட்டோவ், குஸ்தாவ் ஃபெலிக்ஸ் ஃபிளாட்டோவ் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்றுவிட்ட சகோதரர்கள், யூதர்கள். தங்கள் நாட்டுக்குத் தங்கம் வென்றவர்கள். அவர்களுடைய தாய்நாட்டில் பின்னர் ஆட்சிக்கு வந்த நாஜிகள் இருவரையும் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைத்தார்கள். ஆல்ஃபிரெட் 1942-லும், குஸ்தாவ் 1945-லும் அங்கேயே இறந்துபோனார்கள். 1997-ல் பெர்லின் ஒலிம்பிக் அரங்கின் அருகே உள்ள சாலைக்கு ஃபிளாட்டோவ் பெயர் சூட்டப்பட்டது.

நடுவே 1936-ல் அதே பெர்லினில் ஒலிம்பிக் நடந்தது. அதைப் படமாக்கும் பொறுப்பு இயக்குநர் லெனி ரீஃபென்ஸ்டாலிடம் கொடுக்கப்பட்டது. தரையில் குழி தோண்டி, அதற்குள் கேமராவை வைத்து, வானத்தின் பின்னணியில் வீரர்களின் உடல் எழும்புவதுபோல அவருடைய குழு படம்பிடித்தது. 1938-ல் வெளிவந்த ‘ஒலிம்பியா’வில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே தாளத்தில் உடற்பயிற்சி செய்யும் காட்சியும் உண்டு. தொழில்நுட்பத்தில் அது பெரும் பாய்ச்சல். பணமும் ஆதரவும் ஹிட்லர் அரசுடையவை.

இன்றும் விளையாட்டு விளம்பரங்களில் கீழிருந்து மேல்நோக்கி எடுக்கப்படும் உடல்களைப் பார்க்கிறோம். அந்தக் கோணம் எங்கே வளர்ந்தது என்று தெரிந்துகொண்டால், அழகான படத்தைப் பார்த்ததும் ‘இது யாருக்காக எடுக்கப்பட்டது?’ என்று கேட்கத் தோன்றும்.

ஒரு தலை குனிவு

1968 மெக்சிகோ ஒலிம்பிக் என்றதும் நினைவுக்கு வருவது, இரண்டு கறுப்பின அமெரிக்க ஓட்டவீரர்கள் பதக்க மேடையில் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி நின்ற படம். அதே ஒலிம்பிக்கில், சில நாட்கள் கழித்து, ஜிம்னாஸ்டிக்ஸ் மேடையிலும் ஓர் எதிர்ப்பு நடந்தது. ஆனால் அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்கா அன்றைய உலகின் தலைசிறந்த ஜிம்னாஸ்ட். போட்டிக்கு இரண்டு மாதங்களுக்கு முன் சோவியத் தலைமையிலான படைகள் அவர் நாட்டுக்குள் நுழைந்தன. சீர்திருத்தவாதிகளின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்ததால், வேரா மலைப் பகுதியில் மறைந்து வாழ வேண்டிய நிலை. உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கிப் பயிற்சி செய்தார். பிறகு மெக்சிகோ போய் நான்கு தங்கம் வென்றார்.

பதக்க மேடையில் சோவியத் தேசிய கீதம் ஒலித்தபோது அவர் தலையை ஒரு பக்கம் திருப்பிக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். கத்தவில்லை, கையைத் தூக்கவில்லை. மதிப்பெண் பட்டியலில் அந்தக் குனிவுக்கு இடமே கிடையாது. கேமரா மட்டும் பார்த்துவிட்டது. நாடு திரும்பிய பிறகு பல ஆண்டுகள் அவரை வேலை செய்யவிடாமல் முடக்கினார்கள். முஷ்டி படத்தைப் போல உலகம் முழுக்கப் பரவவில்லை என்றாலும், ஒரு பெண்ணின் மௌனத்துக்கு அந்தப் படம்தான் ஆதாரம்.

நான்கு ஆண்டுகளில் காற்று வேறு பக்கம் வீசியது. 1972 மியூனிக்கில் சோவியத் வீராங்கனை ஓல்கா கோர்புட் கம்பியில் தவறு செய்துவிட்டு அழுதார். பிறகு மீண்டு வந்து தங்கம் வென்று சிரித்தார். அந்த 17 வயதுப் பெண்ணின் கண்ணீரும் சிரிப்பும் உலகப் பத்திரிகைகளை நிறைத்தன. பனிப்போர்க் காலத்தில் ஒரு சோவியத் முகத்தை மேற்கு நாடுகள் கொண்டாடின என்றால், அதில் பெரும் பங்கு டிவிக்கும் புகைப்படக்காரர்களுக்கும் உண்டு.

இதை எடுப்பது ஏன் லேசுப்பட்ட காரியமில்லை?

ஜிம்னாஸ்டிக்ஸ் படம் எடுப்பது புகைப்படக்காரர்களுக்கே சவால். காரணங்கள் மூன்று.

ஒன்று, ஃபிளாஷ் கூடாது. காற்றில் சுழலும் ஒருவர் கண்ணில் பளிச்சென்று வெளிச்சம் பட்டால், தரை எங்கே என்று தெரியாமல் போகும். கழுத்து எலும்பே முறியலாம். அதனால் போட்டிகளில் ஃபிளாஷுக்குத் தடை.

இரண்டு, வேகம். எளிய கணக்கு ஒன்று. ஒருவர் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தால், அதற்குள் அவர் 8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார். படத்தில் முகம் கலங்கிப்போகும். 1/1000 வினாடி என்றால் வெறும் 5 மில்லிமீட்டர். ஆனால் அவ்வளவு குறைந்த நேரம் திறந்தால் உள்ளே வரும் வெளிச்சம் போதாது. ஃபிலிம் காலத்தில் உள்ளரங்கில் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். ஃபிலிமை இருட்டறையில் கூடுதலாகக் கழுவி வெளிச்சத்தை மீட்பார்கள். படம் மணல் மணலாக வரும், வேறு வழியில்லை.

மூன்று, கணம். ஒரு தாவலில் ஜிம்னாஸ்ட் காற்றில் இருப்பது ஏறக்குறைய ஒரு வினாடி. ஒரு ரோலில் 36 படங்கள்தான். ஆட்டோஃபோகஸ் கிடையாது. கண்ணால் பார்த்து அழுத்தினால் தாமதமாகிவிடும். அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தத் துறையில் சாதித்தவர்களில் பலர் விளையாட்டையும் நன்றாக அறிந்தவர்கள்.

இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் சத்தமே இல்லாமல் வினாடிக்கு 20, 30 படங்கள் எடுக்கின்றன. பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள பீம் மேல் ஒருவர் மூச்சை அடக்கி நிற்கும்போது ‘க்ளிக்’ சத்தம் இல்லாமலிருப்பதே ஒரு பெரிய வரம். ஆனால் 30 படங்களில் எது சரியான படம் என்று தேர்ந்தெடுக்க, அதே பழைய அறிவுதான் தேவைப்படுகிறது.

பத்திரிகை நடத்திய பல்டிக்காரர்

பெரிய செய்தி நிறுவனங்களின் புகைப்படக்காரர்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒலிம்பிக்கின்போது வருவார்கள், பதக்கம் வாங்குபவரை எடுப்பார்கள், அடுத்த விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். நடுவில் இருக்கும் மூன்று ஆண்டுகளை யார் பதிவு செய்வது?

அந்த வேலையைச் செய்தவர்கள் ஜிம்னாஸ்டிக்ஸுக்கென்றே வாழ்ந்த சிலர். அமெரிக்காவில் கிளென் சண்ட்பி என்பவர் இருந்தார். கைகளால் நிற்பதும் நடப்பதும்தான் அவருடைய தொழில். 1956-ல் அவர் தொடங்கிய ‘மாடர்ன் ஜிம்னாஸ்ட்’ இதழே பின்னாளில் ‘இன்டர்நேஷனல் ஜிம்னாஸ்ட்’ ஆக வளர்ந்தது. அப்படிப்பட்ட இதழ்களில் வந்த தொடர் படங்களைப் பார்த்துத்தான், எங்கோ சிறு ஊரில் இருந்த பயிற்சியாளர்கள் சோவியத்திலும் ஜப்பானிலும் என்ன நடக்கிறது என்று கற்றுக்கொண்டார்கள். கையில் கத்தரிக்கோலோடு படங்களை வெட்டி ஒட்டி வைத்தவர்களுக்கு அதுவே பாடப்புத்தகம்.

பிரிட்டனின் ஐலீன் லாங்ஸ்லி, ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் கேபலே போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போட்டி போட்டியாகச் சென்று எடுத்த படங்கள், 1970-கள், 80-களின் ஜிம்னாஸ்டிக்ஸை இன்று திரும்பிப் பார்க்க உதவுகின்றன. தங்கம் வென்றவரோடு, எட்டாவதாக வந்தவரும், பயிற்சி நேரத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தவரும் இப்படிப்பட்டவர்களின் நெகட்டிவ்களில்தான் மிஞ்சுகிறார்கள்.

கேமராவில் விழாதவை

சரி, இவ்வளவு படங்கள் இருந்தும் தப்பிப்போனது எது? பெரும்பாலும் வலிதான்.

சோவியத்தின் எலெனா முகினா 1978-ல் ஸ்ட்ராஸ்பர்க் உலகப் போட்டியில் ஒட்டுமொத்தச் சாம்பியன். அந்த வெற்றியின் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. 1979-ல் கால் முறிந்தது. முழுதாகக் குணமாகும் முன்பே பயிற்சிக்குத் திரும்பினார். 1980 ஜூலை 3, மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில நாட்களே இருந்த நிலையில், மின்ஸ்க் நகரில் பயிற்சியின்போது ஆபத்தான ஒரு பல்டியில் கழுத்து முறிந்து, உடல் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 20. மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடந்தது அது. உண்மை முழுதாக வெளியே வர ஆண்டுகள் ஆயின. 2006-ல் அவர் இறந்தார்.

இன்னொரு பக்கம், கேமராவுக்கு முன்னாலேயே நடந்தும் சரியாகப் படிக்கப்படாத வலியும் உண்டு. 1996 அட்லாண்டா. முதல் தாவலில் கணுக்கால் பிசகிய அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக், அதே காலோடு இரண்டாவது முறையும் தாவி, ஒற்றைக் காலில் நின்று, பிறகு சுருண்டு விழுந்தார். பயிற்சியாளர் பேலா கரோலி அவரைக் கைகளில் தூக்கிக்கொண்டு வந்த படம் ‘வீரம்’ என்ற தலைப்போடு உலகம் சுற்றியது.

இருபது ஆண்டுகள் கழித்து அதே படத்தைப் பலர் வேறு கண்ணோடு பார்த்தார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் மருத்துவர் லாரி நாசர் நூற்றுக்கணக்கான பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தது 2016-க்குப் பிறகு வெளிவந்தது. 2018-ல் அவர் சிறைத் தண்டனை பெற்றார். காயத்தை மறைத்து, வலியை விழுங்கி, கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வைத்த ஒரு சூழலைப் பற்றி வீராங்கனைகள் நீதிமன்றத்தில் பேசினார்கள். 2021-ல் டோக்கியோவில் சிமோன் பைல்ஸ் ‘முடியாது’ என்று சொல்லி விலகியபோது, ஸ்ட்ரக் படம் மறுபடியும் விவாதத்துக்கு வந்தது. அந்தப் பெண்ணிடம் ‘உன்னால் முடியுமா?’ என்று யாராவது உண்மையாகக் கேட்டார்களா என்பதே இப்போது எழுந்த கேள்வி. படம் மாறவில்லை, பார்ப்பவர்கள் மாறியிருந்தார்கள்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2016 ரியோவில் திரிபுராவின் தீபா கர்மாகர், மிகக் கடினமான ‘புரொடுனோவா’ தாவலைச் செய்து 15.066 புள்ளிகளுடன் நான்காவது இடம் பிடித்தார். வெண்கலத்துக்கு 0.150 புள்ளிதான் குறைவு. காற்றில் சுருண்டிருக்கும் தீபாவின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அகர்தலாவில் வசதி இல்லாத கூடத்தில் அவர் பயின்ற ஆண்டுகளின் படங்கள் எத்தனை வந்தன? ரியோவுக்கு முன்பு அந்தப் பக்கம் பெரிய கேமராக்கள் அதிகம் திரும்பவில்லை.

உடல் யாருடையது?

ஜிம்னாஸ்டிக்ஸ் படத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இறுக்கமான உடை, விரிந்த கால்கள், சின்ன வயது. தவறான நோக்கத்தோடு எடுக்கப்படும், பரப்பப்படும் படங்கள் பெண் வீராங்கனைகளை நீண்ட காலமாகத் துன்புறுத்தி வந்திருக்கின்றன. ஜப்பானில் வீராங்கனைகள் புகார் சொன்னதைத் தொடர்ந்து, 2020-ல் அந்நாட்டு ஒலிம்பிக் கமிட்டியே இதற்கு எதிராகக் குரல் கொடுத்தது.

2021-ல் ஜெர்மன் பெண்கள் அணி ஒரு பதில் வைத்திருந்தது. முதலில் பாசெல் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியிலும், பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கிலும், கணுக்கால் வரை மூடிய உடையில் களமிறங்கினார்கள். விதிகளில் அதற்கு அனுமதி ஏற்கெனவே இருந்தது. போட்டியில் யாரும் அதுவரை அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. எந்த உடை வசதி என்று ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யட்டும் என்பதே அவர்கள் சொன்ன செய்தி. ஒலிம்பிக் ஒளிபரப்பு நிறுவனமும் பெண்களின் உடலைத் தேவையில்லாமல் நெருங்கிக் காட்டும் காட்சிகளைத் தவிர்ப்பதாக டோக்கியோவிலேயே அறிவித்தது. ஆண்களை எப்படிக் காட்டுகிறீர்களோ அப்படியே பெண்களையும் காட்டுங்கள் என்று 2024 பாரிஸில் கேமராக்காரர்களிடம் வலியுறுத்தியது.

கோட்டு மனிதர் திரும்பி வந்தார்

மாரேயின் வெள்ளைக் கோட்டு மனிதர் நினைவிருக்கிறதா? ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனம் உருவாக்கிய நடுவர் உதவிக் கருவி, சென்சார்களின் உதவியோடு ஜிம்னாஸ்ட்டின் உடலை முப்பரிமாணக் கோடுகளாக மாற்றி, மூட்டுகளின் கோணத்தைக் கணக்கிடுகிறது. 2019 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் சில பிரிவுகளுக்குப் பயன்பட்ட இது, 2023 ஆன்ட்வெர்ப் போட்டியில் எல்லாப் பிரிவுகளுக்கும் வந்தது. கறுப்பு உடையும் வெள்ளைக் கோடும் தேவையில்லை, மற்றபடி யோசனை மாரேயுடையதுதான்.

கோணத்தை இயந்திரம் அளந்துவிடும். ஆனால் வேரா ஏன் தலை குனிந்தார் என்பதை அது சொல்லாது. அதற்கு இன்னும் ஒரு மனிதக் கண் கேமராவுக்குப் பின்னால் தேவைப்படுகிறது.

2024 ஆகஸ்ட் 5, பாரிஸ். ஃப்ளோர் பிரிவில் தங்கம் வென்ற பிரேசிலின் ரெபேக்கா ஆன்ட்ராடேவுக்கு, இரு பக்கமும் நின்ற சிமோன் பைல்ஸும் ஜோர்டன் சைல்ஸும் மண்டியிட்டு வணக்கம் வைத்தார்கள். மூவரும் கறுப்பினப் பெண்கள். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் மேடையில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. சில நாட்களில், மேல்முறையீட்டைச் சில வினாடிகள் தாமதமாகச் செய்தார்கள் என்று கூறி, சைல்ஸின் வெண்கலத்தை ருமேனியாவின் ஆனா பர்போசுவுக்கு மாற்றியது விளையாட்டுத் தீர்ப்பாயம். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. நேரத்தோடு பதிவான வீடியோவைத்தான் அமெரிக்கத் தரப்பு ஆதாரமாக நீட்டியது. பதக்கப் பட்டியல் மாறலாம். மேடையில் மூவரும் சிரித்த அந்த நிமிடம் நடந்தது என்பதை எந்தத் தீர்ப்பும் மாற்றாது.

படத்துக்குக் கீழே ஒரு வரி

பழைய ஜிம்னாஸ்டிக்ஸ் படம் ஒன்று கையில் கிடைத்தால், மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். இதை எடுத்தவர் யாருக்காக எடுத்தார்? இதற்கு முந்தைய நொடியிலும் அடுத்த நொடியிலும் என்ன நடந்தது? இதில் இருப்பவர்களின் பெயர் என்ன?

மூன்றாவது கேள்வி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் 1928-க்குப் போங்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி முதல்முறையாக ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. தங்கம் வென்றது உள்ளூர் நெதர்லாந்து அணி. அணியினர் ஒன்றாக இருக்கும் படங்கள் இன்றும் உள்ளன. பெயர் தெரியாமல் பார்த்தால், அது சில இளம்பெண்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படம், அவ்வளவே.

பெயர் தெரிந்தால் வேறு. அணியில் ஐந்து பேர் யூதர்கள். ஹெலேனா நோர்ட்ஹைம், அன்னா போலாக், யூடிக்யே சிமோன்ஸ் மூவரும் 1943-ல் சோபிபோர் முகாமில் கொல்லப்பட்டார்கள். ஸ்டெல்லா அக்ஸ்டெரிப்பே அதே ஆண்டு ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பயிற்சியாளர் கெரிட் கிளேரெகோப்பர் இறந்ததும் சோபிபோரில்தான். ஐவரில் உயிர் பிழைத்தவர் எல்கா டி லெவி ஒருவர் மட்டுமே.

படம் எடுத்தவருக்கு அன்று இது எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வென்ற பெண்களை வரிசையில் நிற்கச் சொல்லி எடுத்திருப்பார். பிறகு யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயரையும் எழுதி வைத்தார். அதனால்தான் இன்று அவர்கள் யார் என்று சொல்ல முடிகிறது.